மனம் நோயுற்றபோது உடனிருந்தவர்கள்

(பங்கின் யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற நன்றிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி என்பது நன்றி சொல்லும் காலம். கோயிலுக்கு நிலம் தந்தவர்களுக்கு நன்றி சொன்னோம். செங்கல் சுமந்தவர்களுக்கும், மணி வாங்கித் தந்தவர்களுக்கும், ஞாயிறுதோறும் பீடத்துக்குப் பூச்சரம் கட்டித் தரும் தாய்மார்களுக்கும் நன்றி சொன்னோம். அவர்களில் பலருடைய பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நியாயமான காரியம். ஆனால் எந்தக் கல்லிலும் பெயர் வராத ஒரு கூட்டத்தார் இந்தப் பங்கிலும் இந்தச் சுற்றுவட்டாரத்திலும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரரின் மனம் நோயுற்றபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் உடனிருந்தவர்கள் அவர்கள். 'நட்பு' என்று எனக்குத் தலைப்புத் தந்தார்கள். அந்தத் தலைப்பின்கீழ் அவர்களைப் பற்றியே பேசப்போகிறேன்.

இதைப் பேச எனக்கு ஓர் உரிமை உண்டு. இந்த உத்திரமேரூர் வட்டாரப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பணிக்காலத்தின் நடுவில் ஏறக்குறைய ஓராண்டுக் காலம் கடுமையான மனச்சோர்வு நோயில் கிடந்தேன். இன்றும் மருத்துவர் சொற்படி இரவில் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். ஒலிபெருக்கியின் முன் நின்று இதைச் சொல்வது இதுவே முதல் தடவை. இளைய மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இதை ஊரறியச் சொல்ல வேண்டுமா என்று வீட்டில் ஒரு கேள்வி எழுந்தது. "சொல்லுங்கப்பா, அதைக் கேட்டு வேணாம்னு போறவங்க போகட்டும்" என்றாள் அந்த மகள். ஆகவே சொல்கிறேன்.

அன்பர்களே, சர்க்கரை வியாதி என்றால் நாம் ஒளிப்பதில்லை. இரத்த அழுத்தம் என்றால் திருமண வீட்டுப் பந்தியிலேயே சொல்லி உப்பைக் குறைக்கச் சொல்கிறோம். மனநோய் என்றவுடன் மட்டும் கதவைச் சாத்துகிறோம். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16ஆம் ஆண்டுகளில் நம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு ஒன்றை நடத்தியது. வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமானோர், சரியாகச் சொன்னால் 10.6 விழுக்காட்டினர், ஏதோ ஒருவகை மனநலக் கோளாற்றோடு இருக்கிறார்கள் என்று அந்த ஆய்வு கண்டது. நோய்க்கு நோய் வேறுபட்டாலும், நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை தகுந்த சிகிச்சை இல்லாமலே இருந்தார்கள். அந்தக் கணக்கை நம் பங்குக்குப் போட்டுப் பாருங்கள். ஞாயிறு திருப்பலிக்கு முந்நூறு பேர் வந்தால், அவர்களில் முப்பது பேர் இந்தச் சுமையோடு முழந்தாளிட்டிருக்கக்கூடும். நம் பக்கத்தில் இருப்பவராகவும் இருக்கலாம்.

எனக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் தூக்கம் போயிற்று. பிறகு சோறு பிடிக்கவில்லை. கரும்பலகையின் முன் நின்றால் எழுத வேண்டியது மறந்துபோயிற்று. அழுகைகூட வரவில்லை, வெறும் பாரம்தான். ஒருசிலர் "வேலையில் மனதைச் செலுத்தினால் சரியாகிவிடும்" என்றார்கள். இன்னும் சிலர் செபம் போதவில்லை என்றார்கள். காற்று சேஷ்டை என்றவர்களும் உண்டு. கால் முறிந்தவனைப் பார்த்து "எழுந்து நடந்தால் சரியாகிவிடும்" என்று யாரும் சொல்வதில்லை. மனம் முறிந்தவனுக்குத்தான் அந்த உபதேசம் கிடைக்கிறது.

அந்த நேரத்தில் நான்கு பேர் வந்தார்கள். தங்கள் பெயரைச் சொல்ல வேண்டாமென்று அவர்களே கேட்டுக்கொண்டதால் பெயரில்லாமல் சொல்கிறேன்.

முதலாமவர் எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலத்துக்காரர். மாலையில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு மண் காலோடு வந்து திண்ணையில் உட்காருவார். "இன்னிக்கு மோட்டாரு ஓடல வாத்தியாரே" என்பார். நான் பதில் சொல்லமாட்டேன். அரை மணி நேரம் கழித்து, "சரி, நாளைக்கு வரேன்" என்று எழுந்து போவார். மறுநாள் வருவார். ஏன் இப்படி ஆனாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆடை நழுவும்போது விரைந்து போய்ப் பிடிக்கும் கையை நட்புக்கு உவமையாகச் சொன்னார் வள்ளுவர். அந்தக் கை, ஏன் நழுவவிட்டாய் என்று இடுப்பிடம் விசாரணை நடத்துவதில்லை. அதைத்தான் அவரிடம் கண்டேன்.

இரண்டாமவர் என்னோடு பணியாற்றிய ஆசிரியர். "காய்ச்சல்னா டாக்டர்கிட்ட போறோமில்ல சார், இதுக்கும் போவோம்" என்று சொல்லி, தம் தற்செயல் விடுப்பில் என்னைப் பேருந்தில் ஏற்றிச் செங்கல்பட்டுக்கு அழைத்துச் சென்றார். அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்க வரிசையில் நின்றவர் அவர். என்னால் சொல்ல முடியாதவற்றை மருத்துவரிடம் சொன்னவரும் அவர். மறுமுறை போக வேண்டிய தேதியைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டார்.

மூன்றாமவர் கடைத்தெருவில் தையற்கடை வைத்திருந்தவர். ஒருநாள் என் கண்ணைப் பார்த்து, "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. ஆம் என்று தலையசைத்தேன். அவர் கூச்சல் போடவில்லை. பாவம் என்று பயமுறுத்தவுமில்லை. வயலுக்கென்று வீட்டில் வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்தை அன்றிரவே எடுத்துச் சென்று தம் கடையில் பூட்டி வைத்தார். இரண்டு வாரம் என் வீட்டுத் திண்ணையில் படுத்துறங்கினார். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை மனதில் விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். அது அப்படியல்ல; கேட்பது பாரத்தை இறக்கி வைக்க வழி செய்கிறது என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

நான்காமவர் என் மனைவியின் தோழி, மரியாயின் சேனையைச் சேர்ந்தவர். அவர் என்னைப் பார்க்க வரவேயில்லை. என் மனைவியைப் பார்க்க வந்தார். பிள்ளைகளைத் தம் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டார். "நீ ரெண்டு மணி நேரம் தூங்கு தாயி, நான் இருக்கேன்" என்றார். நோயாளியைத் தாங்குகிறவரைத் தாங்க ஒருவர் வேண்டும் என்பதை அந்த அம்மையாரிடம் கற்றேன்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நண்பர்கள் என்னைக் குணமாக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நாளை யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டு நண்பரைத் தேடிப் போவார்கள். மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்து, தலைவலி மாத்திரை போல ஒரு மணி நேரத்தில் வேலை செய்வதில்லை. பலன் தெரியப் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். வாய் உலரும், வயிறு சரியிருக்காது, பலனும் தெரியாது. பலர் மருந்தைத் தூக்கி எறிவது அந்த வாரங்களில்தான். மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை ஆள் உயிரோடும் மருந்தோடும் இருக்க வேண்டுமே. அந்த இடைவெளியில்தான் நண்பர் நின்றார். மருத்துவர் மருந்து கொடுத்தார். நண்பர்கள் அதற்கு வேண்டிய நாட்களைக் கொடுத்தார்கள்.

இது என் ஒருவன் அனுபவம் மட்டுமல்ல. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984ஆம் ஆண்டு சென்னையில் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 98 வயதுவரை வாழ்ந்து 2021இல் மறைந்த பெருமாட்டி அவர். அந்த நிறுவனம் நம் காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில், செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பே, ஓர் ஆய்வில் பங்கு வகித்தது. கோவாவிலும் மகாராட்டிரத்துச் சாத்தாராவிலும் அதே ஆய்வு நடந்தது. மூன்று இடங்களிலுமாக மனச்சிதைவு நோயுள்ள 282 பேர் சேர்க்கப்பட்டார்கள். 95 பேருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். 187 பேருக்கு மருத்துவத்தோடு, பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்றார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர், நம்மைப் போன்றவர்கள். நோய் என்னவென்று குடும்பத்துக்கு விளக்கினார்கள். மருந்தை நினைவூட்டினார்கள். வேலைக்குத் திரும்பவும், அக்கம்பக்கத்தாரோடு பழகவும் துணை நின்றார்கள். முடிவு 2014ஆம் ஆண்டு லான்செட் என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. ஓராண்டு முடிவில், வீடு தேடி ஆள் வந்தவர்களிடம் நோயின் கடுமையும் அதனால் வரும் முடக்கமும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தன. பெரிய அற்புதம் என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. மிதமான முன்னேற்றம் என்றே சொன்னார்கள். அந்த மிதமான முன்னேற்றம் என்பது ஒரு குடும்பத்துக்கு என்னவென்று எனக்குத் தெரியும். அப்பா குளித்துச் சட்டை மாற்றி வாசலில் வந்து உட்காருவதுதான் அது.

நண்பர் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதையும் நம் தமிழ்நாடு பார்த்துவிட்டது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றியது. அங்கிருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பல குடும்பங்கள் களைத்துப் போயிருக்கும். இரண்டு மணி நேரம் தூங்கு, நான் இருக்கிறேன் என்று சொல்ல அவர்களுக்கு ஒருவரும் இருந்திருக்கமாட்டார்.

திருச்சபையின் வரலாற்றிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. மருத்துவமனைகளுக்கும் நோயாளிகளுக்கும் பாதுகாவலராக நாம் வணங்கும் புனித இறை யோவான், 1495இல் போர்ச்சுக்கல் நாட்டில் பிறந்தவர். ஸ்பெயின் நாட்டுக் கிரனாதா நகரில், அவிலா நகர் புனித யோவானின் மறையுரையைக் கேட்டபின், தெருக்களில் தலைவிரிகோலமாய் அலைந்தார். பைத்தியம் என்று பிடித்து மருத்துவமனையில் அடைத்தார்கள். அக்காலத்துச் சிகிச்சை என்பது கட்டிப்போட்டுச் சவுக்கால் அடிப்பது. அந்த நிலையில் அவரைக் கைவிடாமல் நல்வழி சொல்லித் தேற்றியவர் அதே அவிலா யோவான்தான். வெளியே வந்த இறை யோவான், தாம் பட்ட அடியை எவரும் படக்கூடாது என்று நோயாளிகளுக்காகத் தாமே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். 1550இல் மரித்த அவரைத் திருச்சபை 1690இல் புனிதராக உயர்த்தியது. மார்ச் 8ஆம் நாள் அவருடைய திருநாளைக் கொண்டாடுகிறோம். பைத்தியம் என்று அடைக்கப்பட்ட ஒருவர் பீடத்தில் இருக்கிறார் என்பதை, நம் வீட்டில் ஒருவருக்கு இந்நோய் வரும்போது நினைத்துக்கொள்வோம்.

பெல்ஜியம் நாட்டில் கேல் என்று ஓர் ஊர் இருக்கிறது. மனநோயாளிகளின் பாதுகாவலியான புனித டிம்ப்னாவின் திருத்தலம் அங்கே உண்டு. நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு பல ஊர்களிலிருந்தும் மக்கள் வந்தார்கள். கோயிலில் இடம் போதாமற்போகவே, ஊர்க் குடியானவர்கள் அவர்களைத் தங்கள் வீடுகளில் ஏற்றார்கள். பல நூற்றாண்டுகளாக அந்த வழக்கம் நீடித்தது. 1930களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் அந்த ஊர் வீடுகளில் குடும்பத்தாரோடு வாழ்ந்தார்கள். வயலில் உடன் வேலை செய்தார்கள், மேசையில் உடன் உண்டார்கள். அந்த ஊரார் மனநல மருத்துவம் படித்தவர்களா? இல்லை. நம்மைப் போன்ற விவசாயிகள்.

நாட்டின் சட்டமும் இன்று நண்பனை மதிக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனநோயாளியைச் சங்கிலியிட்டுக் கட்டுவதை அது தடை செய்கிறது. இன்னொரு நல்ல ஏற்பாடும் அதில் உண்டு. வயது வந்த எவரும், தமக்கு நோய் வந்து முடிவெடுக்க இயலாமற்போனால் தமக்காகப் பேச ஒரு பிரதிநிதியை நியமித்துக்கொள்ளலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். அவர் உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, நண்பராகவும் இருக்கலாம். நான் எழுதி வைத்திருக்கிறேன். யாருடைய பெயர் என்று கேட்காதீர்கள்; என்னைச் செங்கல்பட்டுப் பேருந்தில் ஏற்றியவருக்குத் தெரியும்.

நன்றி என்றால் வாயால் சொல்லி முடிப்பதா? நோயிலிருந்து எழுந்தபின் இந்த நால்வரையும் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. என் மிகத் தாழ்ந்த நிலையைப் பார்த்தவர்கள் அல்லவா? கடன்பட்டவன் போல ஒதுங்கி நடந்தேன். அந்த நிலத்துக்காரர்தான் அதையும் தீர்த்து வைத்தார். அவருடைய மகனுக்குக் கணக்கு வரவில்லை. "நீதான் சொல்லிக் குடுக்கணும் வாத்தியாரே" என்று அனுப்பி வைத்தார். அன்றைக்குத்தான் நான் மறுபடியும் ஆசிரியனானேன். உதவி பெற்றவனிடம் உதவி கேட்பதும் ஒரு மருந்து. நோயுற்றவரை வாழ்நாள் முழுவதும் பரிதாபத்துக்குரியவராகவே வைத்திராதீர்கள். திருவிழாவுக்குத் தோரணம் கட்ட அழையுங்கள். கணக்கு எழுதக் கொடுங்கள்.

முடிவாக ஒரு வேண்டுகோள். நம் உத்திரமேரூரின் பெருமையை உலகம் அறியும். பராந்தக சோழன் காலத்திலே, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே, குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த ஊர் இது. ஏரியைக் காக்க ஏரி வாரியம் இருந்தது. கரை எந்த இடத்தில் பலவீனமாயிருக்கிறது என்று பார்ப்பதும், உடையும்முன் மண் போடுவதும் அத்தகைய வாரியத்தின் வேலை. ஏரிக்கரைக்குக் காவல் வைத்த ஊர், மனிதர்களுக்கும் வைக்க வேண்டாமா? இந்த யூபிலி ஆண்டின் நினைவாக ஒவ்வோர் அன்பியத்திலும் இரண்டு பேர் முன்வாருங்கள். வாரத்தில் ஒருநாள் ஒரு வீட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் உட்காருவது, மருத்துவமனைக்கு உடன் போவது, வீட்டாருக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு தருவது, கேட்டதை வெளியே சொல்லாதிருப்பது, இவ்வளவுதான் வேலை. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசி ஆலோசனை கேட்க, அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416 இருக்கிறது. 2022 அக்டோபர் முதல் இயங்கி வருகிறது. அந்த எண்ணைக் கோயில் அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைக்குமாறு பங்குப் பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த இரண்டு பேரில் ஒருவனாக என் பெயரை எங்கள் அன்பியத்தில் இன்றே எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கூட்டத்தில் யாராவது, "எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை" என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தால், கூட்டம் முடிந்ததும் அந்த வேப்பமரத்தடியில் நான் சற்று நேரம் நிற்பேன். ஒன்றும் பேச வேண்டுமென்பதில்லை. வந்து பக்கத்தில் நில்லுங்கள், போதும்.

என்னோடு உடனிருந்த நால்வருக்கும், உங்கள் ஒவ்வொருவரின் வீட்டிலும் அப்படி உடனிருந்தவர்களுக்கும், இந்த மேடையில் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.